கதிராமப்போடியாரின் மூன்றாம் கொப்பி

"இருபத்தெட்டு வருசம் தபால் குடுத்திரிக்கன். போஸ்ட்காட்டக் கூடப் பிரட்டிப் பாத்ததில்ல. எங்கட வீட்டில ஒரு நாவல் இரிக்கு, நான்தான் காவல். அதில என்ன எழுதியிரிக்கு எண்டு கேளுங்க, எனக்குத் தெரியாது. இன்னொருத்தர்ர எழுத்த ஒரு வரி வாசிக்காத மனிசன் இந்த எழுவான்கரையில நான் ஒராள்தான்."

குருக்கள்மடத்துத் தபால்காரர் சீனித்தம்பி இந்தப் பிரகடனத்தை வெளியிடாத கல்யாண வீடு அந்தச் சுற்றுவட்டாரத்தில் நடந்ததில்லை. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தங்கள் கடிதங்களைப் பற்றி அவர்களுக்கும் ஒரு கவலை இருந்தது.

நாவல் அவருக்குச் சீதனமாக வந்தது. மட்டக்களப்பில் வீடு மகளுக்குப் போகும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குள் போவார். எழுபத்துநான்காம் ஆண்டு சீனித்தம்பி இரத்தினம்மாவைக் கலியாணம் முடித்தபோது வீடு, வட்டையில் இரண்டு ஏக்கர் வயல், ஒரு கறவைப் பசு, ஒரு தேக்குப் பெட்டி ஆகியன ஒப்படைக்கப்பட்டன. பெட்டிக்குள் மூன்று தடித்த கொப்பிகள். இரத்தினம்மாவின் பூட்டனார் கதிராமப்போடியார், ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளில் வேளாண்மை வேலை இல்லாத மாதங்களில் தன் கையால் எழுதிய 'கனகபூரணி சரித்திரம்'. அச்சுக்கு அனுப்பும் முன் போடியார் காய்ச்சலில் போய்விட்டார். அதன்பிறகு பெட்டி தாயிடமிருந்து மகளுக்கும், அதைப் பராமரிக்கும் பொறுப்பு மருமகனிலிருந்து மருமகனுக்கும் இறங்கி வந்தது. முதல் மருமகன் சுருட்டுப் பற்றவைக்க முகவுரையைக் கிழித்தார் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. முகவுரையும் இல்லை.

சீனித்தம்பி அந்தப் பரம்பரையின் கறையைத் துடைக்கப் பிறந்தவர். ஆடி மாதம் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தாள் தாளாகப் பூச்சி பார்ப்பார். வசம்பும் நொச்சி இலையும் வைப்பார். முதல் வருடம் இந்தப் பணி அரை நாளில் முடிந்தது. ஐந்தாம் வருடம் நான்கு நாள் எடுத்தது. பத்தாம் வருடம் ஒன்பது நாள். பூச்சிகள் பெருகவில்லை, கவனம் பெருகியது என்று விளக்கமளித்தார். சில நாட்களில் கண் சிவந்து வெளியே வருவார், வசம்புத் தூள். ஒருமுறை பூட்டிய அறைக்குள் பலத்த சிரிப்புக் கேட்டு இரத்தினம்மா விசாரித்தாள். ஒரு பூச்சி விழுந்தெழும்பி ஓடிய விதத்தைப் பார்த்துச் சிரித்ததாகத் தெரிவித்தார்.

தொண்ணூறில் யுத்தத்துக்குப் பயந்து ஊரே வாவியைக் கடந்து படுவான்கரைக்கு ஓடியது. மற்றவர்கள் தோணியில் அரிசியும் பாயும் ஏற்றினார்கள். சீனித்தம்பி பெட்டியை ஏற்றினார். மூன்று மாதம் ஒரு பள்ளிக்கூட மூலையில் அதன்மேல் தலைவைத்துக் கிடந்து, கழுத்துப் பிடிப்போடு வீடு திரும்பினார். திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே என்ன என்று கேட்ட சிப்பாய்க்கு, சீதனம் என்பதற்குச் சொல் வராமல், தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "கலியாணம்" என்று பதில் சொன்னார். அவன் கொப்பிகளையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பரிதாபத்தோடு போகவிட்டான்.

பிறகு இரண்டாயிரத்து நான்கு, மார்கழி இருபத்தாறு, சுனாமி. சீனித்தம்பியும் இரத்தினம்மாவும் கோயிலுக்குப் போயிருந்ததால் தப்பினார்கள். பக்கத்து வளவில் மூன்று பேர் தப்பவில்லை. வீட்டில் பின்சுவர் மட்டும் நின்றது. ஊர் முழுக்க ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பெட்டியைத் தேட சீனித்தம்பிக்கு வெட்கமாயிருந்தது. கேட்டவர்களிடம் ஆட்டைத் தேடுவதாகச் சொன்னார். மூன்றாம் நாள் வாவிக்கரைச் சேற்றில் பெட்டி கிடைத்தது. கொப்பிகள் மூன்றும் கடல்தண்ணீரில் ஊறி ஊதிக் கிடந்தன.

காத்தான்குடியில் புத்தகம் கட்டும் பதியுதீன் காக்காவிடம் ஓடினார். காக்காவின் கடையிலும் தண்ணீர் புகுந்திருந்தது. இருந்தும் முதற்கொப்பியை வாங்கி எழுத்தின்மேல் ஈரவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். கடுக்காய் மை, ஒன்றும் ஆகாது என்றார். ஆனால் உப்பு உள்ளே இருந்தால் தாள் என்றைக்கும் காயாது. நல்ல தண்ணீரில் தாள் தாளாக அலசி நிழலில் காயவிட வேண்டும்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? கிணறெல்லாம் உப்பு. அவர்கள் தங்கியிருந்த அகதி முகாமுக்குப் பவுசர் லொறியில் வரும் குடிதண்ணீர் குடும்பத்துக்கு இரண்டு வாளி. சீனித்தம்பி வரிசையில் இரண்டு முறை நின்றார். பிடிபட்டு ஏச்சு வாங்கினார், மறுநாளும் நின்றார். இரத்தினம்மா பத்து நாள் தலை முழுகவில்லை, கனகபூரணி முழுகினாள். முதற்கொப்பி தப்பியது. இரண்டாவதும் தப்பியது. அந்தத் தெம்பில் மூன்றாவதன் தாள்களை ஒன்றாகவே வாளிக்குள் வைத்துவிட்டு, காயப்போடக் கயிறு கட்டப் போனார்.

போடியாரின் புகழ் பரவிய காலத்தில் பட்டினத்து உத்தியோகத்தர் ஒருவர் அவருக்குச் சீமை ஊதா மை ஒரு போத்தல் அன்பளித்திருந்தார். மூன்றாம் கொப்பி முழுக்க அந்தப் பெருமையில் எழுதப்பட்டது. கடல்தண்ணீரில் கலங்கியும் வாசிக்கும்படி இருந்த எழுத்து, சீனித்தம்பி கயிறு கட்டித் திரும்புவதற்குள் வாளித் தண்ணீராகிவிட்டது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. காய்ந்த தாள்களைக் கட்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை அரைநாணில் கோர்த்தார். அடுத்த நான்கரை வருடமும் அந்தக் காவல் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குக் கடுமையாயிற்று. இரத்தினம்மாவைக்கூடக் கிட்ட விடவில்லை. திருப்பிக் கட்டிய வீட்டில் ஆடி வந்தும் அறைக் கதவு பூட்டப்படாததை மட்டும் அவள் கவனித்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தம் முடிந்தது. வீதித் தடைகள் ஒவ்வொன்றாக அகன்றன. இரத்தினம்மாவின் கண்பார்வையோ சீனி வியாதியால் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கதையின் முதற்கொப்பியைச் சின்ன வயதில் தாய் வாசிக்கக் கேட்டிருந்தாள். அச்சில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. மகள் யசோதினி, நாவற்குடாவில் ரீச்சர், கல்லடி அச்சகக்காரர் ஒருவரைச் சம்மதிக்க வைத்துவிட்டுப் பிரதியெடுக்கப் பேனையோடு வந்தாள். சீனித்தம்பி மழைக்காலம் முடியட்டும் என்றார், நாள் சரியில்லை என்றார், திறப்பு தொலைந்தது என்றார். இரத்தினம்மா எட்டி அவர் இடுப்பிலிருந்தே திறப்பை எடுத்துக் கொடுத்தாள். பார்வை அந்த அளவுக்கு மிச்சமிருந்தது.

இரண்டு கொப்பியும் பிரதியெடுத்து முடிய மூன்று மாதம். பிறகு யசோதினி மூன்றாவதைத் திறந்தாள். ஒரு தாள், பத்துத் தாள், நாற்பது தாள். எல்லாம் மங்கிய கத்தரிப்பூ நிறம்.

"அப்பா, இதில ஒண்டும் இல்லையே."

"என்ன புள்ள சொல்றாய்?" என்றாள் இரத்தினம்மா. "கண் தெரியாதது எனக்கா, உனக்கா?"

சீனித்தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கடல் அழிக்கல்ல இரத்தினம். நான்தான் கழுவினன்."

இரத்தினம்மா அந்த வெறுந்தாளைக் கையால் தடவிப் பார்த்தாள். ஏசுவாள் என்று அவர் காத்திருந்தார்.

"அப்ப கனகபூரணிக்கு மறுகா என்ன நடந்த எண்டு இனி ஒத்தருக்கும் தெரியாதா?" என்று மட்டும் கேட்டாள்.

சீனித்தம்பி கதிரையை மகளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

"எழுது புள்ள. பதினெட்டாம் அதிகாரம். 'இஃதிவ்வாறாக, கனகபூரணியானவள் தோணித்துறையிலே தன்னந்தனியளாய் நின்று, அக்கரையில் அசையும் விளக்கொன்றை நோக்கிச் சொல்லுவாளாயினாள்…'"

தபால் பட்டியல் படிக்கும் அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொல்லிக்கொண்டே போனார். யசோதினி நிமிராமல் எழுதினாள். இரத்தினம்மா கண்ணை மூடிக் கேட்டாள். ஏழாம் பக்கத்தில் அவர் நின்றார்.

"இவடத்தில போடியார் ரெண்டு வரிய வெட்டியிருந்தவர்," என்றார். "வெட்டினதும் வேணுமா?"