கயிறு அறுந்த கேள்வி

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஓடுகிற லிஃப்டுக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை, நின்றுபோனதற்குத்தான் கூப்பிடுவார்கள். அதனால் பதினோரு மாடி என்றால் பதினோரு மாடியும் படிதான், தோளில் எட்டுக் கிலோ பையோடு. இருபத்திரண்டு வருஷம் இப்படி ஏறி இறங்கியதில் வலது முட்டி தேய்ந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார். அந்த நேரத்தில் அக்காகூட அவரிடம் எதுவும் கேட்க மாட்டாள்.

படி ஏறாத வேலை ஒன்று கம்பெனியில் காலியானது. ஓடுகிற லிஃப்டில் போய்ச் சோதித்து, பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற வேலை. அதற்குப் பள்ளி மேல்வகுப்பு இயற்பியல் தேறியிருக்க வேண்டும். மாமா பத்தாவதோடு நின்றவர். ஆன்லைனில் படித்து எழுதலாம், ஆனால் மூன்று தடவைதான் என்றார்கள். முட்டியைப் பார்த்த டாக்டரோ, இனிமேல் படி ஏறினால் தன்னிடம் வரவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து, சமையல் மேடையில் சர்க்கரை டப்பாமேல் போனைச் சாய்த்துவைத்துப் படித்தார். வீடியோவில் வாத்தியார் சொல்வது பிடிபடவில்லை என்று வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்பார். பாதி வேகத்தில் அந்த நல்ல மனிதரின் குரல் குழறி இழுத்தது.

"உங்க வாத்தியார் காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டாரா?" என்பாள் அக்கா, அடுப்பைப் பற்றவைத்தபடி.

அவர் சிரிக்கக்கூட மாட்டார். பல நாள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார், பாடம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நோட்டைப் பார்த்தால், 'முடுக்கம்' என்று ஆரம்பித்த சொல் பாதியிலேயே கோடாக இழுபட்டுப் பக்கத்தின் ஓரம்வரை இறங்கிப் போயிருக்கும்.

முதல் தடவை நாற்பத்து நான்கு. இரண்டாவது தடவை ஐம்பத்திரண்டு. அறுபது வேண்டும். ஒரு கேள்விக்கு நான்கு மார்க். எங்கே போகிறது என்று பார்க்கலாம் என, தப்பான விடைகளைத் திறந்துவைத்துக்கொண்டு நானும் அவருடன் உட்கார்ந்தேன். ஒளியில் தப்பு, மின்சாரத்தில் தப்பு, அதெல்லாம் எல்லாருக்கும் வருகிற தப்பு. ஆனால் லிஃப்ட் பற்றி இரண்டே இரண்டு கேள்விகள் வந்திருந்தன. இரண்டிலும் சிவப்பு.

அறுநூறு கிலோவை மேலே இழுக்க மோட்டாருக்கு எவ்வளவு திறன் வேண்டும் என்பது ஒன்று. மாமா பாதிக்கும் கீழே போட்டிருந்தார். லிஃப்டுக்குச் சமன்செய்ய எதிர்ப் பக்கம் தொங்குகிற எடையைக் கழித்துவிட்டாராம். அப்படி ஒரு எடையைக் கேள்வியில் சொல்லவே இல்லையே என்றேன். அது இல்லாமல் எவன் லிஃப்ட் கட்டுவான் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

இன்னொன்றில், அறுபது கிலோ ஆள் லிஃப்டுக்குள் எடை பார்க்கும் மெஷின்மேல் நிற்கிறார். கயிறு அறுந்துவிடுகிறது. மெஷின் என்ன காட்டும்? சுழி காட்ட வேண்டும், ஏனென்றால் ஆளும் மெஷினும் ஒன்றாக விழுகிறார்கள். மாமா அறுபது என்று போட்டிருந்தார்.

"எத்தனை கயிறுன்னு கேள்வியில இல்லயே மாப்ளே. நாங்க ஆறு போடுறோம். ஒண்ணு அறுந்தா ஒண்ணும் ஆகாது."

"ஆறும் அறுந்துட்டா?"

"அடியில பிடி இருக்கு. வேகம் கூடினா பக்கத்துல இருக்கிற இரும்புத் தண்டவாளத்தைக் கவ்விக்கும். லிஃப்ட் நின்னுடும். நின்னா அறுபதுதானே காட்டும்?"

அக்கா காய் நறுக்கிக்கொண்டே குறுக்கிட்டாள்.

"இது உங்க கம்பெனி லிஃப்ட் இல்ல, பொஸ்தகத்து லிஃப்ட். இதுல பிடியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பேசாம ஏறி இறங்கிட்டு வந்துடுங்க."

"பிடி இல்லாத லிஃப்ட்ல ஆளையே ஏத்தக் கூடாது" என்றார் மாமா. குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

மூன்றாவது, கடைசித் தடவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. கேமராவில் வேறு யாரும் தெரியக் கூடாது, சத்தமும் கேட்கக் கூடாது என்பது விதி. எங்கள் வீடு ஒன்றரை அறை. அக்காவும் நானும் வெளியே மாடிப்படியில் உட்கார்ந்தோம். கீழே டயர் கடையில் காற்று அடிக்கும் மெஷின் விட்டுவிட்டு உறுமியது. அது உறுமும்போதெல்லாம் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

பதினொன்றரைக்குக் கதவு திறந்தது. மாமா போனை நீட்டினார். அறுபது. அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. கீழே பச்சையில் 'தேர்ச்சி'. அக்கா இரண்டு கைகளாலும் அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

கயிறு கேள்வி திரும்ப வந்ததா என்று கேட்டேன். வந்ததாம், கடைசிக் கேள்வியாக. பத்து நிமிஷம் அதிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

"சுழின்னு போட்டேன்" என்றார். படியில் என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்து முட்டியை நீட்டினார். "இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்தரையும் விழ விட்டதில்ல மாப்ளே. இன்னிக்கு ஒருத்தனை விழ விட்டுட்டேன்."

அக்கா எழுந்து உள்ளே போனாள்.

பாடத்தைப் பற்றிய கருத்தை எழுதும்படி போன் ஒரு கட்டத்தைக் காட்டியது. தனக்கு எழுத்துத் தேடித் தட்ட வராது என்று என்னிடம் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்: 'கடைசிக் கேள்வியில் பிடி வேலை செய்யவில்லை என்று சேர்க்கவும். படிக்கிறவர்கள் லிஃப்டில் ஏறப் பயப்படுவார்கள்.' அனுப்பட்டுமா என்றேன். அனுப்பு என்றார்.

புது வேலை அடுத்த மாதம் முதல் தேதியில்தான். அதுவரை பழைய வேலையும் பழைய படிகளும். போன் அப்போதே அடித்தது. ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாம், உள்ளே ஓர் அம்மாள் மாட்டிக்கொண்டிருக்கிறாராம். பையை எடுத்துக்கொண்டு வந்து அக்கா அவர் தோளில் மாட்டினாள்.

காவலாளி அந்த அம்மாளின் நம்பரைக் கொடுத்தான்போல. மாமா ஒரு கையால் போனைக் காதில் வைத்து, மறுகையால் மாடிப்படிக் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்துவைத்து இறங்கினார்.

"பயப்படாதீங்கம்மா. அது விழாது. நான் சொல்றேன்ல, விழவே விழாது... வந்துட்டுதான் இருக்கேன். கொஞ்சம் நேரமாகும்."