நாக்கில் வைத்துப் பார்ப்பவர்

பாளையங்கோட்டையில் இரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருந்தபோது உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கெண்டைக்காலை நீவிக்கொண்டே பேசினார். சர்க்கரை ஏறியதால் மக்னீசியம் சிறுநீரோடு போகிறது, அதனால்தான் கால் இழுக்கிறது என்று டாக்டர் சொன்னாராம்.

“இனிப்பு சாப்பிடுவீங்களா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“சீனியத் தொடவே மாட்டேன் வே. கடைக்கு வாற ஒவ்வொரு ஓலைச் சிப்பத்துலயும் ஒரு துண்டு கருப்பட்டி நாக்குல வச்சுப் பாப்பேன், அவ்வளவுதான்.”

“அத டாக்டர்ட்ட சொன்னீங்களா?”

“அது தின்னுததுல சேராதுல்லா. தொழில்லா. சீனி கலந்திருந்தா நாக்குக்குத்தான் தெரியும். பாக்காம வித்தா, வாங்குதவனுக்கு யாரு பதில் சொல்லுதது?”

உள்ளே கூப்பிட்டார்கள். சுவரைப் பிடித்தபடி பைய எழுந்து போனார்.

இப்போதெல்லாம் காப்பியில் நல்ல கருப்பட்டி கரையும்போது, இதற்காக யாருடைய கால் இழுத்ததோ என்று தோன்றுகிறது.