என் பெயர் இருந்த வரி

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் குமரேசன். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்கள் இருபது வருடமாகப் பயன்படுத்தும் தமிழ் எடிட்டர் மென்பொருளை எழுதியவன் நான்; அதன் நிரலைச் சுத்தம் செய்ய வந்தவர் அவர். இந்தத் தொழிலில் எது அழுக்கு என்பதைத் துடைப்பவர்தான் முடிவு செய்கிறார். அடுத்தவர் எழுதிய நிரலோடு மாரடிக்கும் உங்களுக்கு இது தெரியாததல்ல.

ஒரே கோப்பு

மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், படிப்பை விட்டவன் நான். கோலசிலாங்கூர் அச்சகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே நிரல் எழுதப் பழகினேன். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதினேன். எது எங்கே என்று மனப்பாடம். பட்டம் படித்த குமரேசன் அதைப் பதினொரு கோப்பாகப் பிரித்தார். நன்றாகத்தான் பிரித்தார், மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு வாரம் நான் தேடிய வரி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. கேட்டதற்குச் சொன்னார்: "அண்ணே, சட்டி, செருப்பு எல்லாத்தையும் ஒரே அலமாரியில வெச்சிருந்தீங்க. இப்பதான் வீடு மாதிரி இருக்கு லா."

வேலையில்லாத எண்

எடிட்டரில் புதுத் தாள் திறந்தால் உச்சியில் தானாக ஒரு 'உ' விழும். பிள்ளையார் சுழி. நிரலுக்குள் அந்த எழுத்துக்குப் பதில் அதன் எண் மட்டும்தான் இருக்கும். ஏன் அங்கே இருக்கிறது என்று நான் எழுதி வைக்கவில்லை; அது என் தப்பு. ஏதோ சோதனைக்குப் போட்டு மறந்தது என்று நினைத்துக் குமரேசன் நீக்கிவிட்டார்.

அடுத்த வாரம் புக்கிட் ரோத்தானில் அச்சகம் வைத்திருக்கும் லெட்சுமியக்கா போன் செய்தார். முந்நூறு பத்திரிகை சுழியில்லாமல் அச்சாகிவிட்டது. பெண் வீட்டார் கையால் தொட மாட்டோம் என்கிறார்கள். "தம்பி, அதுதான் தானா வருமேன்னு நான் பாக்கவே இல்ல. பொண்ணோட அம்மா கடையில உக்காந்து அழுவுது. நான் பிள்ளையாருக்குப் போன் போடவா, உனக்குப் போடவா?"

இறால் சாப்பாடு

சுழி விழும் வரியை நான்தான் திரும்பப் போட்டேன். அதன் மேலே காரணமும் எழுதினேன். லெட்சுமியக்கா மறுபடி அடித்துக் கொடுத்தார், கல்யாணம் நடந்தது. குமரேசன் என்னை இறாலுக்குப் பேர்போன பாசிர் பெனம்பாங்குக்குச் சாப்பிட அழைத்தார். போனேன். இறால் மேல் எனக்குக் கோபமில்லை.

நிரலின் முதல் வரியில், எழுதியவன் என்று என் பெயர் இருந்தது. வெறும் குறிப்பு என்று அதையும் அவர் வந்த புதிதிலேயே நீக்கியிருந்தார். நானே போட்டுக்கொள்ளலாம், ஆனால் எடுத்த கைதான் போட வேண்டும். கேட்டேன். இறால் ஓட்டை உரித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணே, சுழி இல்லன்னதும் போன் வந்துச்சு. உங்க பேரு போய் ஆறு மாசம் ஆச்சு, யாராச்சும் கேட்டாங்களா?"

சுழி எதற்கு என்று அவருக்குத் தெரிய ஒரு கல்யாணமே கெடப் பார்த்தது. என் பெயர் எதற்கு என்று தெரிய இன்னும் எது கெட வேண்டுமோ, காத்திருக்கிறேன்.