முதுகில் விழுந்த போஞ்சிக்காய்

மார்ச் 11, புதன். தேயிலை ஆலையில் வேலை முடிந்து, லிந்துலை வீட்டு வாசலில் அலுப்போடு கால் கழுவினேன். முதுகில் ஒரு போஞ்சிக்காய் விழுந்தது.

“மூணு தடவ கூப்பிட்டுட்டேங்க!” என்றாள், கறிக்குப் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்த மனைவி.

அப்பாவும் அதே ஆலையில் கொழுந்து உருட்டும் மெசினில் நின்றவர். லயத்து வீட்டில் அம்மா அவரைக் கூப்பிட, தேயிலைக் கொட்டையை முதுகில் எறிவார்.

“காதுல பஞ்சு வைங்கன்னா கேக்குறீங்களா?” என்பார் அம்மா.

“பஞ்சு வச்சா மெசின் கோளாறு எப்புடிடீ வெளங்கும்?” என்று அப்பா கத்துவார்.

தங்கை கல்யாணத்தில், முழங்கும் மேளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “மேளக்காரங்க இன்னும் ஆரம்பிக்கலயா?” என்று என்னிடம் கேட்டார்.

மறுநாள் காலை ஆலையில் முதல் வேலையாக, ஆணியில் தொங்கிய காதுமூடியைத் தூசி தட்டி மாட்டினேன். மெசின் ஓடியதும், அதிர்வில் கோளாறு தெரிய அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.