மேசைக்கு ஏறிய சஹன்

மாமிக்கு இடுப்பு மூட்டு மாற்றியதிலிருந்து வீட்டில் போலீஸ் வேலை பார்த்தவள் நான். தரையில் உட்காராதீர்கள், கால் மேல் கால் போடாதீர்கள், குனிந்து எதையும் எடுக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதையெல்லாம் நாள் முழுக்க ஒப்பித்துக்கொண்டிருப்பேன். மாமி, என் கணவரின் அம்மா, எழுபதைத் தாண்டியவர். குளியலறையில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்த மறுநாளே வாக்கரைப் பிடித்து நின்றவர். தொழுகையைக்கூட முணுமுணுக்காமல் நாற்காலிக்கு மாற்றிக்கொண்டார். சில மாதங்களில் வாக்கரை ஓரங்கட்டிவிட்டு, கைத்தடியோடு ஆட்டோ ஏறிக் குருசுக்குப்பம் போய் மீன் பேரம் பேசிவிட்டு வந்தார். அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் அவர் திரும்பி வரும்வரை வாசலிலேயே நிற்பேன்.

அவர் சறுக்கியது சஹனில்தான். எங்கள் கல்யாண வீடுகளில் நாலு பேர் பாயில் சுற்றி உட்கார்ந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடுவோம். அந்தத் தட்டுதான் சஹன். மூத்தவர் பிஸ்மில்லா சொல்லிக் கை வைக்கும்வரை மற்ற மூவரும் தொடமாட்டார்கள். போன வருஷம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் மாமிக்கென்று நாற்காலியும் தனித்தட்டும் சொல்லி வைத்திருந்தேன். கை கழுவிவிட்டுத் திரும்பினால், மாமி பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பிரியாணி ஆறிக்கொண்டிருக்க, மூன்று பெண்கள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு மனசு கேட்குமா?

நன்றாகத்தான் சாப்பிட்டார். எழுப்பிவிட இரண்டு பேர் கை கொடுத்தபோது இடுப்பில் ‘டொக்’கென்று ஒரு சத்தம். கால் உள்பக்கம் திரும்பிக் குட்டையாகிவிட்டது. முகம் வெளுத்துப்போனது. அப்போதும் அவர் கத்தவில்லை. என் கையை நெரித்தபடி, “பொண்ணு வீட்டுக்காரங்களுக்குத் தெரிய வேணாம். பின்வாசல் வழியா தூக்கிட்டுப் போங்க. பந்தி நிக்கக் கூடாது” என்றார்.

ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து, நழுவிய மூட்டை இழுத்துக் குழியில் உட்கார வைத்தார்கள். டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். “இந்தத் தடவை நழுவினதோட போச்சும்மா. உங்க எலும்பு ரொம்ப மெலிஞ்சிருக்கு. இனிமே விழுந்தா, உள்ள இறக்கியிருக்கற கம்பியைச் சுத்தி எலும்பு உடையலாம். அப்புறம் பழையபடி நடக்கறது கஷ்டம்.”

வீட்டுக்கு வந்ததும் மாமி, “படுக்கையிலயே கெடந்துடுவேனோன்னு பயமா இருக்கு புள்ள” என்றார். அவர் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்த வருஷம் என் மகளுக்கு நிக்காஹ். முதல் சஹனில் மாமியும் மாப்பிள்ளையின் அம்மாவும் சேர்ந்து உட்கார வேண்டும். புதுச் சம்பந்தியோடு ஒரே தட்டில் கை வைக்காவிட்டால் அவர்களை ஒதுக்கியதாக ஆகிவிடும்.

“சம்பந்திகிட்ட நான் பக்குவமா பேசிக்கறேன் மாமி” என்றேன்.

“நீ சும்மா இரு” என்றார்.

சஹன் வந்தது. சம்பந்தியம்மா உட்கார்ந்து, மாமிக்கு இடம் விட்டுக் காத்திருந்தார். மாமியைத் தடுக்க ஓரடி எடுத்து வைத்தேன். மாமி கைத்தடியை ஊன்றி நின்றபடியே, “கோவிச்சிக்காதீங்க. உங்ககூட உக்காந்து சாப்புடணும்னு ஆசைதான். கீழ உக்காந்தா என் இடுப்பு கழண்டுக்கும். இன்னும் கொஞ்ச காலம் நடமாடணும் நானு” என்றார்.

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு பேருக்கு முன்னால் முடியாது என்று சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்து வலியைப் பொறுத்த அன்றைவிட, இன்று அவரைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

சம்பந்தியம்மா பாயில் கையை ஊன்றி, முனகிக்கொண்டே எழுந்தார். “எனக்கும் ரெண்டு முட்டியும் போயிடுச்சு. நீங்க என்னா நெனைப்பீங்களோன்னுதான் கீழ உக்காந்தேன்.”

பக்கத்துச் சஹனிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார்கள். சஹனுக்கு நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். சமையல்காரர்களின் மேசையைத் துடைத்துக் கொண்டுவந்து, சஹனைத் தூக்கி அதன்மேல் வைத்தோம். மாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பிஸ்மில்லா சொல்லிக் கை வைத்தார்.

சாப்பிட்டு முடித்ததும் தாங்கிப் பிடிக்க ஓடினேன். மாமி எச்சில் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். இடது கையால் நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி எழுந்து, கைத்தடியை எடுத்துக்கொண்டு, கை கழுவத் தானாகவே நடந்து போனார்.