மையவாடி அருகே நின்ற உழவு இயந்திரம்

என் நூல் அலுமாரியின் பக்கத்தில், சுவரோடு சாய்ந்தபடி, வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்று நிற்கிறது. அத்தானின் உழவு இயந்திரத்தைச் சுழற்றி முடுக்கிய கைப்பிடி அது. தம் முப்பது வயதுகளின் தொடக்கத்தில், என் தமக்கையின் கணவரான அவர், கண்டியில் வகித்த எழுதுவினைஞர் பதவியைத் துறந்து, தோட்டமொன்று கழித்துவிட்ட பழைய இயந்திரத்தை வாங்கினார். உறவினர் நகைத்தனர். குண்டசாலையில் முஸ்லிம் விவசாயி ஒருவரின் மேட்டுநிலத்தை உழுவதே அவருக்கு வாய்த்த முதல் வேலை. மழை விழுந்தால் இரும்புச் சக்கரங்கள் புதைந்துவிடும். அன்று உழுது முடிக்காவிடில் அவ்வூரில் வேறெவரும் அவரை அழைக்கப்போவதில்லை. பள்ளி விடுமுறையில் இருந்த ஆசிரியனாகிய நான் துணைக்குச் சென்றிருந்தேன்.

பாதி நிலம் உழுதிருந்த வேளையில், வேலிக்கு அப்பால், முஸ்லிம்களை அடக்கும் மையவாடியை நோக்கி, காலமான ஊர்ப் பெரியவர் ஒருவரின் ஜனாஸா ஊர்வலம் வந்தது. நிலக்காரர் விரைந்து சென்று தோள்கொடுத்தார். அத்தான் அக்கணமே இயந்திரத்தை நிறுத்தினார். மலைமேல் முகில் கறுப்பதைச் சுட்டிக் காட்டினேன்.

"எஞ்சின் பிறகும் வெளிக்கிடும், தம்பி. அந்த மனிசனை ரெண்டாந்தரம் அடக்கேலாது."

அடக்கம் முடியும்வரை உழவுசாலின் நடுவே அமர்ந்திருந்தார். அதன்பின் இயந்திரம் அசைய மறுத்தது. பெருவிரலை மற்றை விரல்களின் பக்கமே வைக்கும்படியும், கைப்பிடி திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியுமென்றும் எச்சரித்து என்னையும் சுழற்றச் செய்தார். தீப்பொறி நன்றாகவே இருந்தது; காற்று வழியிலும் அடைப்பில்லை. திரும்பி வந்த நிலக்காரர் வானத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாடுன்டா வைக்கோல காட்டினா எழும்பும், கிளாக்கர் ஐயா. இதுக்கு என்னத்தக் காட்டுற?"

அத்தான் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் பொறிமுளையைக் கழற்றினார். அதை மூக்கருகே பிடித்து முகர்ந்தவர், தம்மைத்தாமே நொந்துகொள்பவர்போல் சிரித்தார். அவ்வியந்திரம் பெற்றோலில் விழித்து, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடுவது. நிறுத்துமுன் மீண்டும் சற்றே பெற்றோலில் ஓடவிட வேண்டும். ஜனாஸாவைக் கண்ட விரைவில் அவர் அதனைச் செய்யவில்லை. குளிர்ந்த இயந்திரத்தினுள், சூடின்றிப் பற்றாத மண்ணெண்ணெயே தேங்கி நின்றது.

காரணத்தைக் கேட்ட நிலக்காரரின் முகம் மாறியது.

"எங்கட மையத்துக்காகவா நிப்பாட்டினீங்க?" என்றார். பிறகு, "இங்கால தாங்க, நான் சுத்துறேன்."

மண்ணெண்ணெயை வடித்துப் பெற்றோல் நிரப்பியதும், அவர் கையிலேயே இயந்திரம் உயிர்பெற்றது. ஒரு மூலை எஞ்சியிருக்கையில் மழை பிடித்துக்கொண்டது. அம்மூலையை நிலக்காரரே மண்வெட்டியால் கொத்திக்கொண்டார். அடுத்த போகத்தில் அத்தானை அழைத்தவரும், அயலாரிடம் அழைத்துச் சென்றவரும் அவரே.

பல்லாண்டுகளின்பின் அத்தானின் பூதவுடல் அவ்வழியே சென்றது. அப்போது சொந்த இயந்திரத்தில் உழுதுகொண்டிருந்த நிலக்காரர், நடுச்சாலில் அதனை நிறுத்திவிட்டு, சேற்றுக் காலுடன் எங்களோடு நடந்து வந்தார்.

இன்றைய இயந்திரங்களுக்குத் பூட்டுத் துவாரத்தில் திறப்பொன்றைத் திருகினாலே போதும். நானோ, தூசு துடைக்க இக்கைப்பிடியைத் தூக்கும்போதெல்லாம், பெருவிரலை மற்றை விரல்களின் பக்கமே வைத்துக்கொள்கிறேன்.