பீர் குடிக்காத இங்கர்லிசேயின் பீர் போராட்டம்

இங்கர்லிசேக்கு பீர் ஆகாது. ஒரு வாய் குடித்தாலே நெஞ்செரிச்சல். ரான்டர்ஸ் ஊர் பீர் ஆலையில், பாட்டில் கழுவும் கூடத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்த்து வந்தவள். தொழிலாளர்கள் அவளைத் தங்கள் பிரதிநிதியாக்கியதும் அவள் குடிக்காததால்தான். முதலாளியிடம் பேசப் போகும்போது ஒருத்தராவது நிதானத்தில் இருக்க வேண்டாமா?

கூடத்து மூலையில் ஒரு குளிர்ப்பெட்டி இருந்தது. வேலைக்கு நடுவே யாரும் காசில்லாமல் பீர் எடுத்துக் குடிக்கலாம். தாத்தா காலத்து வழக்கம். 1978 மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் பெட்டியைக் காணோம். இனி மதியச் சாப்பாட்டோடு மட்டும்தான் என்று சுவரில் ஒரு தாள்.

அரை மணியில் ஆலை நின்றது.

"போய்க் கேளு இங்கர்லிசே! இது நம்ம உரிமை!" என்று கத்தினான் பக்கத்து இயந்திரத்துப் பிரெபென்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போன வருஷம், இந்தச் சத்தத்துல காது போகுது, காதுக்கு மாட்டுற மூடி கேப்போம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். எத்தனை பேரு வந்தீங்க? பதினோரு பேரு! இன்னைக்கு முந்நூறு பேரும் வாசல்ல நிக்கிறீங்க!"

"என்னது?" என்றான் பிரெபென், காதருகே கையைக் குவித்துக்கொண்டு. அவன் விளையாடவில்லை.

ஐந்து நாள் ஈரப்பனியில் வாசலில் நின்றார்கள். கடையில் காசு கொடுத்து பீர் வாங்கிக் குடித்துக்கொண்டே நின்றார்கள். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

ஆறாம் நாள் நிர்வாகி வெஸ்டர்கோ கூப்பிட்டனுப்பினார். "நீங்க குடிக்கிறதே இல்லையாமே. அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

"குடிக்கிறதுக்காக இல்லைங்க. இத்தனை வருஷமா இருந்ததை, ஒரு வார்த்தை கேக்காம ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டீங்களே, அதுக்குத்தான்."

பெட்டி திரும்ப வரும், ஆளுக்கு நாளைக்கு மூன்று பாட்டில் என்று முடிந்தது. அதோடு அனைவருக்கும் காது மூடி என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். இத்தோடு விட்டதே என்று அவர் கையெழுத்துப் போட்டார்.

ஒப்பந்தத்தை அவள் உரக்க வாசித்தாள். பீர் என்றதும் கூரை அதிர்ந்தது. கடைசி வரிக்கு வருவதற்குள் பாதிப் பேர் பெட்டியைத் தேடிப் போய்விட்டார்கள்.

ஏப்ரலில் காது மூடிகள் வந்தன. பிரெபென் தன்னுடையதை ஆணியில் மாட்டிவைத்தான். "இதைப் போட்டா நீ பேசுறது கேக்க மாட்டேங்குதே!"

"கேக்காட்டி நல்லதுதான், போடுறா!" என்று அவளே எடுத்து அவன் தலையில் அழுத்தினாள்.

அடுத்த பிரதிநிதித் தேர்தலில், "வேற ஆளைப் பாருங்கப்பா, என்னால ஆகாது" என்றாள். வேறு யாரும் நிற்கவில்லை. இன்னும் எட்டு வருஷம் அவள்தான் பிரதிநிதி, அத்தனை பேரையும் திட்டிக்கொண்டே.